முற்பணத்துக்கு நன்றி சொல்ல மாட்டோம்

ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போதே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பிரட்டுக்களத்தில், பீலிக்கரையில், கோயில் வாசலில், ஸ்கூல் பஸ்ஸுக்குள்ளே கூட ஒரே கேள்விதான்: "இந்த முறை முற்பணம் எவ்வளவாம்?" பத்தாயிரமாம் என்பார் ஒருவர். இல்ல, பதினைஞ்சாம் என்பார் இன்னொருவர். பிறகு ஒரு நாள் ஒரு தலைவர் டிவியில் வந்து தொகையை அறிவிப்பார். அன்றைக்கு ராத்திரியே அவருடைய படத்தைச் சுற்றி விளக்கும் பூவும் வைத்து, நம்முடைய தீபாவளிக்கு ஒளி ஏற்றியதற்காக அவருக்கு நன்றி சொல்லும் போஸ்டர்கள் முகநூலில் ஓட ஆரம்பிக்கும். அதைப் பகிர்கிறவர்கள் வேறு யாருமில்லை, நம்ம அண்ணன் தம்பிமார்தான். உண்மையைச் சொன்னால், ஒரு காலத்தில் நாங்களும் பகிர்ந்திருக்கிறோம்.

இனிப் பகிர மாட்டோம். அந்த நன்றியையும் சொல்ல மாட்டோம். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் ஹட்டன், நுவரெலியா பிள்ளைகள் இல்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். மலையகம் என்றால் பலருக்கும் பனிமூட்டமும் தேயிலைச் சரிவும்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் பாதி றப்பர். சுற்றிலும் சிங்களக் கிராமம், நடுவில் துண்டு துண்டாகத் தோட்டம். எனவே எங்கள் பக்கத்துக் கணக்கிலிருந்தே தொடங்குகிறோம்.

முதலில் கணக்கு

தீபாவளி முற்பணம் என்பது அன்பளிப்பு அல்ல, போனஸும் அல்ல. கடன். பதினைந்தாயிரம் வாங்கினால், மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம் பத்து மாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். ஐப்பசியில் வாங்கியது ஆவணியில் தீரும். தீர்ந்து ரெண்டு மாசத்தில் அடுத்த தீபாவளி வந்துவிடும், அடுத்த கடனும் வந்துவிடும்.

சம்பளம் எவ்வளவு? பல வருஷம் போராடி, 2021 மார்ச்சில்தான் நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று ஆனது. 2024 செப்டம்பரில் அது 1,350 ஆனது. ஒரு மாசத்தில் இருபது பேர் விழுந்தால் 27,000 ரூபாய். (தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு: ஒரு நாள் வேலை செக்ரோலில் பதிவானால் அதற்குப் பெயர் 'பேர் விழுவது'. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்.) அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது 2,160 ரூபாய் போகும். பிறகு சங்கச் சந்தா, கோயில் சந்தா, வாங்கின தேயிலைத் தூள் என்று ஒவ்வொன்றாகக் கழியும். கடைசியில் அந்த ஆயிரத்து ஐந்நூறு. இன்றைக்குச் சம்பளம் எத்தனை ரூபாய் கூடினாலும் கணக்கு போகிற பாதை இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களில் சிலருடைய தோட்டங்களில் முற்பணம் எல்லாருக்கும் ஒரே தொகையில் கிடைப்பதில்லை. முந்தைய மாதங்களில் இத்தனை பேர் விழுந்திருக்க வேண்டும், குறைந்தால் தொகையும் குறையும். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் றப்பர் மலையில் ஐப்பசி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள அநியாயம் புரியும். பட்டை நனைந்த மரத்தில் கத்தி வைக்க முடியாது. வைத்தால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் பரவி வழிந்துவிடும், சிரட்டைக்குள் வராது. அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பலருக்குப் பேரும் இல்லை. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் என்றால் மழைதான். வானம் கொட்டுகிறது, அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறாள். அவள் சோம்பேறி என்று செக்ரோல் சொல்கிறது. அதைக் காட்டி அவளுடைய கடனைக்கூடக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

இதற்குத்தான் நன்றி சொல்லச் சொல்கிறார்கள்.

"அரசாங்க உத்தியோகத்தருக்கும் பண்டிகை முற்பணம் இருக்குதானே, அவங்களும் மாசாமாசம் கட்டுறாங்கதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, கட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு மழை பெய்தால் சம்பளம் வெட்டுப்படாது. அவர்களுடைய முற்பணத்துக்காக எந்த அமைச்சருக்கும் போஸ்டர் அடிக்கப்படுவதும் இல்லை. அது நிர்வாக விஷயம், சுற்றறிக்கை வரும், படிவம் நிரப்புவார்கள், அவ்வளவுதான். நாங்கள் கேட்பதும் அந்தச் சாதாரணத் தன்மையைத்தான். கடனைக் கடன் என்று சொல்லிக் கொடுங்கள்.

"முற்பணமும் இல்லேன்னா மீட்டர் வட்டிக்காரன்கிட்டத்தான் போகணும்" என்றும் சொல்வார்கள். இது உண்மை. அடகுக் கடையும் நுண்கடன் கம்பெனிகளும் எங்கள் அம்மாமாரை என்ன பாடு படுத்துகின்றன என்று எங்களுக்குத் தெரியாதா? முற்பணத்தை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு மனுஷி வருஷம் முழுக்க வேலை செய்தும் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுக்கக் கடன் வாங்க வேண்டியிருக்கிறதே, அந்த நிலைமையை ஒரு தலைவரின் கருணை என்று பேர் மாற்றி விற்கிறார்களே, எங்கள் கோபம் அதன் மீதுதான்.

இந்தக் கயிறு பழசு

முற்பணம் என்ற சொல்லுக்கு எங்கள் சரித்திரத்தில் தீபாவளியை விடப் பெரிய இடம் உண்டு. நம்முடைய பாட்டன் பூட்டன்மாரைத் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்ததே முற்பணம்தான். கங்காணி ஊருக்கு வருவான். பஞ்ச காலத்தில் வீட்டுக்கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, அரிசிக்கு என்று கையில் காசு கொடுப்பான். அன்றைக்கு அது பெரிய உதவியாகத்தான் தெரிந்திருக்கும். தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் அது கணக்காக மாறிவிடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டில் ஆளின் கடன் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம்தான் அவரை எடுத்துக்கொள்ளலாம். ஆளை அல்ல, ஆளின் கடனைத்தான் வாங்கி விற்றார்கள்.

துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். சட்டத்தில் ஒழிந்தது பழக்கத்தில் ஒழியவில்லை. கடன் கொடுத்தவனை 'காப்பாத்தினவர்' என்று கும்பிடும் பழக்கம் அப்படியே இருக்கிறது. கங்காணி போய் தொரை வந்தார். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் மேலே இருப்பவர் மாறினார். கீழே இருந்து மேலே போகிற நன்றி மட்டும் மாறவே இல்லை.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நமக்குப் பாடம் எடுக்காத மேடை இல்லை. நினைக்கிறோம். ஆனால் யார் உப்பிட்டது? முதலில் கோப்பி, பிறகு தேயிலையும் றப்பரும் என்று இந்த நாட்டுக்கு வெளிநாட்டுக் காசு கொண்டுவந்தது யாருடைய கை? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் படுத்து எழுந்தவர்கள் போட்ட உப்பை இந்த நாடு இருநூறு வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறது. நன்றிக் கணக்கை எழுதுவதென்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

"உங்க நாட்டுப் பண்டிகைதானே?"

எங்களில் ஒருத்தி ஒரு அலுவலகத்துக்கு ஏதோ பத்திரம் எடுக்கப் போயிருந்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்: "பண்டிகைக்கு நாட்டுக்குப் போகலையா? இந்தியாவுக்கு?" கெட்ட மனுஷர் இல்லை. அன்பாகத்தான் கேட்டார். பத்திரத்தையும் அன்றைக்கே கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு நாட்டின் நினைப்பு முழுசாக இருக்கிறது. நம்முடைய தீபாவளியும் பொங்கலும் ஆடித் திருவிழாவும் இங்கே விருந்தாளியாக வந்தவை. நாமும் அப்படித்தான். விருந்தாளி என்றால் நன்றியோடுதான் இருக்க வேண்டும்.

அந்த நினைப்பு சும்மா வந்ததில்லை, சட்டத்தால் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, அந்த வருஷத் தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர் கணக்கில். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாரையும் கேட்கவில்லை. நாடற்ற நிலைக்குச் சட்டத்தில் முடிவு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலும் நம்முடைய பேர் 'இந்தியத் தமிழர்'தான்: 8,39,504 பேர்.

அந்த ஒப்பந்தத்தில் போனவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. சொந்த நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அங்கே அவர்களுக்குப் பேர் 'சிலோன்காரங்க'. இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். ரெண்டு பக்கமும் நன்றியோடு இருக்கச் சொல்கிறார்கள்.

குவைத்திலிருந்து ஒரு வீடியோ கோல்

எங்கள் குழுவில் ஒருவனின் அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். போய் நாலு வருஷம். அங்கே தீபாவளிக்கு லீவு ஏது? போன தீபாவளிக்கு இங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு லயத்தில் எண்ணெய்க் குளியல் தொடங்கியபோது அங்கே ராத்திரி ரெண்டரை. அதுவரைக்கும் தூங்காமல் இருந்து கோல் எடுத்தாள். சத்தம் போட முடியாது, பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அவள் பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா அவளுடைய மகளுக்கு எண்ணெய் வைத்தாள். மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். மேல் லயத்தில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். ஃபோனை வாசல் பக்கம் திருப்பச் சொன்னாள். றப்பர் மரத்து மேலே பனி இறங்கியிருந்தது, அதையும் பார்த்தாள்.

பிறகு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்: "நல்லெண்ணெய் இல்ல தம்பி. கிச்சன்ல இருந்த ஒலிவ் எண்ணெயத் தொட்டுத் தலையில வச்சிக்கிட்டேன். நம்ம ஊரு தீபாவளியப் பாத்துட்டேன், போதும்."

நம்ம ஊரு. அவள் சொன்ன ஊர் திருச்சியும் இல்லை, சேலமும் இல்லை. அவளுடைய குடும்பத்தில் யாருக்கும் அங்கே ஒரு முகவரி கூட இல்லை. அவள் ஏங்குவது தெரணியகலைக்கு மேலே இருக்கிற ஒரு லயத்தின் இஸ்தோப்புக்கு. பண்டிகை நாளில் ஒரு மனுஷி எந்த மண்ணை நினைத்து அழுகிறாளோ, அதுதான் அவளுடைய நாடு. அந்த அலுவலகத்து ஐயாவுக்கு எங்களிடம் இருக்கிற பதில் இந்தக் குரல்தான்.

ஆனால் அவளையும் நன்றி துரத்திக்கொண்டேதான் இருக்கிறது. போகும்போது ஏஜென்சிக்காரர் சொன்னார், நல்ல வீடு கிடைச்சிருக்கு, நன்றியா நடந்துக்கணும். அங்கே வீட்டு எஜமானி சொல்கிறாள், மற்ற வீடுகளில் ஃபோனே கொடுக்க மாட்டார்கள், நான் கொடுக்கிறேன் பார். இங்கே ஊரில் சொல்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போயிட்ட, குடுத்து வச்சவ. சம்பளம் திகதிக்கு வருவது உபகாரம், ஃபோன் உபகாரம், தூக்கம் உபகாரம். உரிமையாக எண்ண வேண்டியதையெல்லாம் உபகாரமாக எண்ணப் பழக்கிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். கங்காணி செய்ததும் இதுதான். தொகையை அறிவிக்கும் தலைவர் செய்வதும் இதுதான்.

வெளிநாட்டில் இருக்கிற நம்ம பிள்ளைகள் சிலரும் இப்போது, 'கிடைத்ததற்கு நன்றி சொல்லப் பழகுங்கள், மனசு அமைதியாகும்' என்று பண்டிகை தோறும் எழுதுகிறார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை. தூரத்தில் தனியாக இருந்து பண்டிகை கொண்டாடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த அக்காவைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் சொல்லும் நன்றி, மேலே இருப்பவனுக்குத்தான் போய்ச் சேரும்.

நாங்கள் சொல்லும் நன்றி

எங்களுக்கு நன்றி தெரியாது என்று யாரும் எழுத வேண்டாம். தெரியும், பட்டியலே இருக்கிறது.

அந்த அக்காவே ஒரு நன்றியை எங்களுக்குச் சொன்னாள். அன்று ராத்திரி அவள் தூங்காததால் காலையில் கண் எரிந்தது. அதே வீட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் காலை வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, இவளை ஒரு மணித்தியாலம் படுக்கச் சொன்னாளாம். பாஷை தெரியாது, தீபாவளி என்றால் என்னவென்றும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நன்றி.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கம் லயங்களுக்குத் தீ வைத்தார்கள். பலர் வவுனியாவுக்கு ஓடினார்கள், இந்தியாவுக்கும் போனார்கள். எங்கள் தாத்தா பாட்டிகளில் சிலர் போகாமல் உயிரோடு இங்கேயே இருந்ததற்குக் காரணம், கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள் அவர்களை வீட்டுக்குள்ளே ஒளித்து வைத்ததுதான். அந்த வீடுகளுக்கு இன்றைக்கும் தீபாவளி அன்று முறுக்கும் அதிரசமும் போகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கேயிருந்து கெவுமும் கிரிபத்தும் வருகிறது. அவர்கள் ஒரு நாளும் "உன்னைக் காப்பாத்தினேன்" என்று போஸ்டர் ஒட்டியதில்லை. அவர்களுக்கு நன்றி.

விடியுமுன் எழும்பிப் பால் வெட்டப் போய், மத்தியானம் வந்து சமைத்து, ராத்திரி முறுக்கு சுட்டு, தீபாவளி அன்றைக்கும் உட்காராத அம்மாமாருக்கு நன்றி. இதில் ஒரு வெட்கத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். அம்மா வாங்கிய முற்பணத்தில் எத்தனை வீட்டில் பாதி சாராயமாகப் போகிறது? பத்து மாசம் கழிவு அவள் சம்பளத்தில், ஒரு நாள் போதை இவன் தலையில். தலைவருக்கு நன்றி போஸ்டர் பகிரும் கை, வீட்டில் அவளுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறதா? கம்பெனியைக் கேட்கிற கேள்வியை நாங்கள் எங்கள் வீட்டு ஆண்களிடமும் கேட்கிறோம்.

என்ன கேட்கிறோம்

ஒன்று, பண்டிகைக் கடனுக்குப் பேர் கணக்குப் பார்க்காதீர்கள். குறைந்தபட்சம், மழையால் வெட்டு நின்ற நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரெண்டு, கடனுக்கு மேலே, திருப்பிக் கட்டத் தேவையில்லாத ஒரு பண்டிகைக் கொடுப்பனவை அடுத்த சம்பளப் பேச்சில் சங்கங்கள் மேசையில் வைக்க வேண்டும். முற்பணத் தொகையைக் கூட்டித் தந்தோம் என்பது வெற்றி இல்லை. கூடுதலாகக் கடன்படுத்தினோம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

மூணு, சம்பளச் சிட்டையில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று தமிழில் தெளிவாக அடித்துக் கொடுங்கள். எங்கள் அம்மாமார் பலருக்கு எந்த மாதம் கடன் தீர்ந்தது என்றே தெரிவதில்லை.

நாலு, நம்மைப் பற்றி எழுதும் இடங்களில் மலையகத் தமிழர் என்று எழுதுங்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகம் 200 நடைபவனி போனது. முதல் ஆட்கள் நடந்து வந்த அதே பாதை. அவர்கள் வந்த வழியைத் திரும்ப நடந்து காட்டியது விருந்தாளியாகத் திரும்பிப் போவதற்காக இல்லை.

நாங்களும் ஒரு வேலை செய்யப்போகிறோம். உங்கள் தோட்டத்தில் முற்பணத்துக்கு எத்தனை பேர் விழுந்திருக்க வேண்டும் என்கிறார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை மாதத்தில் கழிக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அம்மாவின் சம்பளச் சிட்டையை, பேரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, பலாங்கொடை, இறக்குவானை, நிவித்திகல என்று தோட்டம் தோட்டமாக ஒரு அட்டவணை போடுவோம். அடுத்த முறை யாராவது டிவியில் தொகையை அறிவிக்கும்போது, நன்றிப் போஸ்டருக்குப் பதிலாக அந்த அட்டவணையைப் பகிர்வோம்.

அந்த அக்காவுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு ஊரில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். நல்லெண்ணெய் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள். வாங்கி வைப்போம், கடன் இல்லாமல்.